பழவேற்காட்டு வெடிமருந்தும் நம் வீட்டுக் குழந்தைகளும்

 

கவரைப்பேட்டையிலிருந்து கிழக்கே பொன்னேரி வழியாகச் சென்றால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் பழவேற்காட்டை அடைந்துவிடலாம். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்சாலைகளில் பணிபுரியும் நம் குடும்பங்கள் பல, விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அங்கே போவதுண்டு. ஏரியைப் பார்க்கிறோம், மீன் வாங்குகிறோம், சின்னப் பள்ளிவாசலில் தொழுகை நேரம் கணிக்க அமைக்கப்பட்ட நிழற்கடிகாரத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறோம், தொல்லியல் துறை பாதுகாக்கும் டச்சுக் கல்லறைத் தோட்டத்தையும் ஒரு சுற்றுச் சுற்றி வருகிறோம். ஆனால் அமைதியான அந்த ஊரில் ஒரு காலத்தில் பெரியதொரு வெடிமருந்து ஆலை இயங்கியது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்பவர் மிகக் குறைவு.

அந்த ஆலையின் கதையிலிருந்து தொடங்கி, நம் வீட்டு அலமாரி வரை வந்து சேர்வதே இக்கட்டுரையின் நோக்கம். வெடிமருந்தும் துப்பாக்கியும் மனிதன் கைக்கு வந்த நாள்முதல் அவனை ஒரு கேள்வி தொடர்ந்து வருகிறது: இதை எங்கே வைப்பது, எப்படி வைப்பது, யார் கைக்கு எட்டாமல் வைப்பது? இக்கேள்விக்கு வரலாறு தந்த விடைகளையும், நம் மார்க்கம் தந்த விடையையும் ஒருசேரப் பார்ப்போம்.

மருந்து என்னும் சொல்

தமிழர் வெடிப்பொடிக்கு 'மருந்து' என்றே பெயரிட்டனர். நோய் தீர்ப்பதும் மருந்து. உயிர் குடிப்பதும் மருந்து. சீன மொழியிலும் இதற்கு 'நெருப்பு மருந்து' என்ற பொருளுடைய பெயரே வழங்குகிறது. சாகாமைக்கு மருந்து தேடிய சீன இரசவாதிகளின் சோதனைகளில் இப்பொடி பிறந்தது என்பது வரலாற்றாசிரியர்கள் கூற்று. உயிரைக் காக்கத் தேடியது உயிரைப் போக்கும் பொருளாக வந்து வாய்த்தது.

முஸ்லிம் அறிஞர்களுக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. 13ஆம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த ஹசன் அர்ரம்மாஹ், வெடியுப்பைச் சுத்திகரிக்கும் முறையை விளக்கி நூல் எழுதினார். வெடியுப்பை அரபியர் 'சீனத்துப் பனி' என்றும் அழைத்தனர். 'துப்பாக்கி' என்ற சொல்லே துருக்கி மொழியிலிருந்து தமிழுக்கு வந்தது. ஐரோப்பியரைக் குறித்த 'ஃபரங்கி' என்ற சொல்லே 'பீரங்கி' ஆயிற்று. ஆக, இந்தக் கருவிகளை நமக்குக் கொண்டுவந்தவர் யார் என்பதைச் சொற்களே சொல்லிவிடுகின்றன. அவற்றைப் பாதுகாக்கும் பொறுப்பு யாருடையது என்பதைத்தான் நாம் தேட வேண்டியிருக்கிறது.

கோட்டைக்குள் ஓர் ஆலை

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1610இல் விஜயநகர மன்னர் வேங்கடபதி ராயரின் அனுமதியுடன் பழவேற்காட்டில் வணிகத்தைத் தொடங்கினர். 1613இல் அங்கே கெல்டிரியா கோட்டை எழுந்தது. 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை, சோழமண்டலக் கரை முழுவதற்கும் அவர்களது தலைமையிடம் பழவேற்காடே. நம் முன்னோர் வாழ்ந்த கடலோர ஊர்களின் துணி அங்கிருந்து கப்பலேறியது. 1620களையொட்டி அங்கே வெடிமருந்து ஆலையும் நிறுவப்பட்டது. பல பத்தாண்டுகள், கீழைக் கடல்களில் இருந்த டச்சுக் குடியிருப்புகளுக்கும் தாயகம் திரும்பும் கப்பல்களுக்கும் வேண்டிய வெடிமருந்தை அது வழங்கிற்று.

வெடியுப்பு, கந்தகம், மரக்கரி ஆகிய மூன்றும் தனித்தனியே இருக்கும்போது அமைதியானவை. ஒன்றாகச் சேர்ந்துவிட்டால் ஒரு பொறி போதும். இதை அக்காலத்துக் கைவினைஞர் நன்கறிவர். வெடிமருந்துக் கிடங்குகளில் இரும்புக் கருவிகளை விலக்கி, மரத்தாலும் செம்பாலும் ஆன கருவிகளையே கையாள்வது பிற்காலத்தில் உலகெங்கும் வழக்கமாயிற்று. இரும்பாணி அடித்த காலணியுடன் உள்ளே நுழையவும் தடை இருந்தது.

ஆயினும் அறிவு வேறு, ஒழுக்கம் வேறு. பழவேற்காட்டில் மருந்து அரைத்த அதே டச்சு நாட்டில், டெல்ஃப்ட் நகரத்தின் நடுவே, குடியிருப்புகளுக்கு இடையில் ஒரு கிடங்கு இருந்தது. அதில் சுமார் 90,000 பவுண்டு வெடிமருந்து இருந்தது. 1654 அக்டோபர் 12ஆம் நாள் அது வெடித்தது. நகரின் ஒரு பகுதியே தரைமட்டமாயிற்று. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். புகழ்பெற்ற ஓவியர் கேரல் ஃபப்ரீசியஸும் அவர்களில் ஒருவர். அதன் பின்னரே நகரத்தார் புதிய கிடங்கை ஊருக்கு வெளியே, வீடுகளிலிருந்து விலக்கிக் கட்டினர். அக்கிடங்கின் சுவரை ஒட்டி வீடுகளும் தெருக்களும் இருந்தன. அவற்றில் குழந்தைகளும் இருந்தார்கள். அவர்கள் யாரும் வெடிமருந்து வாங்கவுமில்லை, விற்கவுமில்லை.

நம் மண்ணிலும் ஒரு சான்று உண்டு. 1780 செப்டம்பர் 10ஆம் நாள் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் ஹைதர் அலீயின் படையும் திப்பு சுல்தானின் படையும் ஆங்கிலத் தளபதி பெய்லியின் படையை வீழ்த்தின. ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்ததே அத்தோல்விக்கு ஒரு முக்கியக் காரணம். ஸ்ரீரங்கப்பட்டணத்து தரியா தௌலத் மாளிகைச் சுவரில் அக்காட்சி ஓவியமாக இன்றும் இருக்கிறது. வெடிமருந்துக்குத் தன் எஜமான் யார் என்று தெரியாது என்பதற்கு அதைவிடத் தெளிவான சித்திரம் வேண்டியதில்லை.

'யார் வைத்திருக்கலாம்?' என்று மட்டும் கேட்ட சட்டம்

1857 கிளர்ச்சிக்குப் பின் ஆங்கில அரசு இந்தியர்களின் ஆயுதங்களைக் களையத் தொடங்கிற்று. லிட்டன் பிரபு காலத்தில் 1878இல் இந்திய ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியர் ஆயுதம் வைத்திருக்க உரிமம் பெற வேண்டும், ஐரோப்பியருக்கோ விலக்கு. அந்தச் சட்டத்தின் கவலை பெரும்பாலும் ஒன்றே: யார் நமக்கு விசுவாசமானவர்? துப்பாக்கி வீட்டில் எப்படி வைக்கப்படுகிறது, அந்த வீட்டில் குழந்தை இருக்கிறதா என்பதெல்லாம் அதன் கவலையாக இருக்கவில்லை.

விடுதலைக்குப் பின் 1959இல் புதிய ஆயுதச் சட்டம் இயற்றப்பட்டு, 1962இல் நடைமுறைக்கு வந்தது. இனவேறுபாடு நீங்கிற்று. 21 வயது நிரம்பாதவருக்கு உரிமம் இல்லை என்றாயிற்று. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் மேலும் ஒரு படி சென்று, உரிமம் கோருவோரிடம் பாதுகாப்புப் பயிற்சியையும், துப்பாக்கியையும் தோட்டாவையும் பத்திரமாக வைப்பதற்கான உறுதிமொழியையும் கேட்கின்றன. 2019இன் திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. கொண்டாட்டத்தில் கவனக்குறைவாகச் சுட்டுப் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவிப்போருக்கு இரண்டாண்டு வரை சிறையோ, ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதித்தது.

'யார் வைத்திருக்கலாம்?' என்ற கேள்வியிலிருந்து 'எப்படி வைத்திருக்கிறாய்?' என்ற கேள்விக்குச் சட்டம் வந்து சேர இத்தனை காலம் ஆயிற்று. நம் மார்க்கமோ அந்தக் கேள்வியை முதல் நாளிலேயே கேட்டுவிட்டது.

அம்பின் முனை

மதீனாப் பள்ளிவாசலில் ஒருவர் அம்புகளுடன் நடந்து சென்றார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவரிடம், அம்புகளின் முனைகளைப் பிடித்துக்கொள்ளுமாறு கூறினார்கள். நம் பள்ளிவாசல்களிலோ சந்தைகளிலோ அம்புகளுடன் செல்பவர் எவராயினும், அவை யாரையும் காயப்படுத்தாதவாறு முனைகளைக் கையால் பற்றிக்கொள்ள வேண்டும் என்பதும் அவர்களது கட்டளை (புகாரி, முஸ்லிம்).

இந்த நபிமொழியை நாம் பலமுறை கேட்டிருப்போம். ஆனால் இதில் கட்டளை யாருக்கு என்பதைக் கவனித்தோமா? தொழ வந்தவர்களை நோக்கி, 'அம்பு வருகிறது, விலகி நில்லுங்கள்' என்று அண்ணலார் சொல்லவில்லை. சந்தையில் ஓடியாடும் சிறுவர்களை நோக்கி, 'தொடாதீர்கள்' என்றும் சொல்லவில்லை. ஏந்தியவரிடமே சொன்னார்கள். ஆயுதம் எவர் கையில் இருக்கிறதோ, பொறுப்பும் அவர் கையில்.

மற்ற நபிமொழிகளும் இதையே வலியுறுத்துகின்றன. உறையிலிருந்து உருவிய வாளை ஒருவரிடமிருந்து ஒருவர் கைமாற்றுவது தடுக்கப்பட்டது (அபூதாவூத், திர்மிதீ). தன் சகோதரனை நோக்கி ஆயுதத்தை நீட்டக் கூடாது. ஷைத்தான் கையை இழுத்துவிடக்கூடும், அதனால் நரகப் படுகுழியில் விழ நேரும் என்று எச்சரிக்கப்பட்டது (புகாரி, முஸ்லிம்). உடன்பிறந்த சகோதரனாகவே இருந்தாலும், அவனை நோக்கி இரும்பை நீட்டுபவரை வானவர் சபிக்கின்றனர் என்றும் வந்துள்ளது (முஸ்லிம்). உடன்பிறந்தவனைக் கொல்லும் எண்ணம் சாதாரணமாக எவருக்கும் இராது. விளையாட்டாக நீட்டுவதும் கூடாது என்பதே இதன் கருத்து என அறிஞர்கள் விளக்குவர்.

இன்னொரு நபிமொழியும் சிந்தனைக்குரியது. இரவில் உறங்குமுன் விளக்கை அணைக்கச் சொன்னார்கள் அண்ணலார். எலி திரியை இழுத்துச் சென்று வீட்டாரை எரித்துவிடக்கூடும் என்று காரணமும் சொன்னார்கள் (புகாரி). எலிக்கு அறிவுரை கூற முடியாது. எனவே எலி வரும் என்று முன்கூட்டியே எண்ணி, மனிதன்தான் விளக்கை அணைக்க வேண்டும். பகுத்தறியும் வயது வராத குழந்தையின் நிலையும் அதுவே. குழந்தை வரும், திறக்கும், எடுக்கும் என்று முன்கூட்டியே எண்ணிப் பூட்ட வேண்டியவர் பெரியவர்.

'வேண்டுமென்று செய்யவில்லையே' என்று சொல்லித் தப்பிவிடவும் வழியில்லை. தவறுதலாக நிகழ்ந்த கொலைக்கும் இழப்பீட்டையும் பரிகாரத்தையும் அல்குர்ஆன் விதித்திருக்கிறது (4:92). இழப்பீட்டை இறந்தவரின் குடும்பத்தார் மன்னிக்கலாம். பரிகாரம் அப்போதும் நீங்காது. அடிமையை விடுவிக்க இயலாதவர் இரண்டு மாதம் தொடர்ந்து நோன்பு நோற்க வேண்டும். கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதை இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவும் 106ஆம் பிரிவில் குற்றமாகவே வைத்திருக்கிறது.

குண்டு வந்த தூரம்

2021 டிசம்பர் 30ஆம் நாள். புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையில் 11 வயதுச் சிறுவன் ஒருவன் தன் தாத்தா வீட்டில் இருந்தான். பசுமலைப்பட்டித் துப்பாக்கிச் சுடும் தளத்தில் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினரின் பயிற்சி அப்போது நடந்துகொண்டிருந்தது. வெகுதொலைவிலிருந்து வந்த குண்டு சிறுவனின் தலையில் பாய்ந்தது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிகிச்சை பெற்றும், 2022 ஜனவரி 3ஆம் நாள் அவன் உயிர் பிரிந்தது. அந்தப் பிள்ளை துப்பாக்கியைத் தொடவில்லை. தளத்தின் பக்கம் போகவுமில்லை. பாதுகாப்பு விதிகளையெல்லாம் மனப்பாடமாகக் கற்றிருந்தாலும் அவனால் செய்துகொள்ளக்கூடியது எதுவுமில்லை.

அதற்கு முந்தைய ஆண்டு, 2020 ஜூனில், திருச்சி மாவட்டம் தொட்டியம் அருகே அலகரையில் 6 வயதுச் சிறுவன் ஒருவன், மீன் பிடிப்பதற்காக வாங்கி வைக்கப்பட்டிருந்த நாட்டு வெடியைத் தின்பண்டம் என்று எண்ணிக் கடித்தான், இறந்தான். கைக்கெட்டும் இடத்தில் இருந்தது; பார்க்கத் தின்பண்டம் போல் இருந்தது. அவன் செய்த பிழை வேறெதுவுமில்லை.

'என் பிள்ளைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், தொடமாட்டான்' என்பார் பலர். அமெரிக்காவில் 8 முதல் 12 வயது வரையுள்ள சிறுவர்களை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2001இல் வெளியானது. ஓர் அறையின் இழுப்பறையில், சுட முடியாதபடி செய்த உண்மைக் கைத்துப்பாக்கி ஒன்றை மறைத்து வைத்துவிட்டு, சிறுவர்களை இரண்டு மூன்று பேராக விளையாட விட்டனர். 29 குழுக்களில் 21 குழுக்கள் அதைக் கண்டுபிடித்தன. 16 குழுக்களில் கையில் எடுத்தனர். 10 குழுக்களில் யாரோ ஒருவன் விசையை இழுத்தான். கண்டெடுத்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அது பொம்மையா, உண்மையா என்றே உறுதியாகத் தெரியவில்லை. எடுத்தவர்களிலும் விசையை இழுத்தவர்களிலும் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் துப்பாக்கிப் பாதுகாப்பு குறித்து ஏற்கெனவே அறிவுரை பெற்றவர்கள்.

ஆகவே பிள்ளைக்குச் சொல்வது கடமை; சொன்னதோடு கடமை முடிந்துவிட்டது என்று எண்ணுவது பிழை. சிப்காட்டில் இயந்திரங்களோடு வேலை பார்க்கும் நம் சகோதரர்களுக்கு இது புதிதன்று. பழுது பார்க்குமுன் மின்சாரத்தை நிறுத்தி, சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டு, சாவியைத் தம்மிடமே வைத்துக்கொண்ட பிறகே இயந்திரத்துக்குள் கை வைக்கிறார்கள். 'யாரும் போடாதீர்கள்' என்று சொல்லிவிட்டு மட்டும் எவரும் கை வைப்பதில்லை. தன் கைக்குக் காட்டும் அந்த எச்சரிக்கையைப் பிள்ளையின் உயிருக்குக் காட்டாமல் இருக்கலாமா?

நாம் செய்ய வேண்டியவை

'நம் வீட்டில் துப்பாக்கியே இல்லையே' என்று சிலர் நினைக்கலாம். ஓய்வுபெற்ற படைவீரர் வீட்டில் இருக்கலாம். வங்கிக் காவலராகப் பணிபுரியும் உறவினர் வீட்டில் இருக்கலாம். தோப்புக் காவலுக்கு உரிமம் பெற்றவர் வீட்டில் இருக்கலாம். பிள்ளைகள் அங்கெல்லாம் விளையாடப் போகிறார்கள். எனவே சிலவற்றை நினைவூட்ட விரும்புகிறோம்.

1. உரிமத் துப்பாக்கி உள்ள வீட்டில், தோட்டாவை நீக்கிய நிலையில் துப்பாக்கியை இரும்புப் பெட்டியில் பூட்டி வைக்க வேண்டும். தோட்டாக்களை வேறோர் இடத்தில் தனியே பூட்ட வேண்டும். சாவி உரிமம் பெற்றவரிடமே இருக்கட்டும். பீரோவின் மேல்தட்டும் மெத்தையின் அடியும் பாதுகாப்பான இடங்கள் அல்ல.

2. எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிரம்பியதாகவே கருத வேண்டும். 'இது காலி' என்று சொல்லி விருந்தினருக்குக் காட்டுவதும், பிள்ளை கையில் கொடுத்துப் புகைப்படம் எடுப்பதும் கூடவே கூடாது.

3. குறைந்த ஆற்றலுள்ள காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. அதனாலேயே பலர் அதைப் பொம்மையாக எண்ணுகின்றனர். அதன் சிறு ஈயக்குண்டு ஒரு பிள்ளையின் கண்ணைப் பறிக்கப் போதுமானது. அதையும் பூட்டியே வைக்க வேண்டும்.

4. பெருநாள் சந்தையிலும் கந்தூரிக் கடைகளிலும் பிள்ளைகள் அடம்பிடித்துக் கேட்பது பிளாஸ்டிக் குண்டு போட்டுச் சுடும் பொம்மைத் துப்பாக்கியைத்தான். அதுவும் கண்ணைக் காயப்படுத்தும். கண் தப்பினாலும், ஒருவர் முகத்துக்கு நேரே நீட்டும் பழக்கத்தைப் பிஞ்சுக் கைக்குக் கற்றுத்தருகிறது. பெருநாள் காசில் வாங்க வேறு பொருள் இல்லையா?

5. துப்பாக்கியையோ, இனம் தெரியாத வெடிப்பொருளையோ கண்டால், நிற்க வேண்டும், தொடக்கூடாது, விலகிச் செல்ல வேண்டும், பெரியவரிடம் சொல்ல வேண்டும் என்று பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லித்தர வேண்டும். வந்து சொல்லும் பிள்ளையைத் திட்டாமல் பாராட்ட வேண்டும். திட்டினால் அடுத்தமுறை சொல்லாது.

6. அமெரிக்காவில் வாழும் நம் உறவுகளுக்கு ஒரு சொல். அந்நாட்டில் 2020 முதல், ஒரு வயது முதல் 19 வயது வரையுள்ளோரின் மரணத்துக்கு முதற்காரணமாகத் துப்பாக்கியே இருந்து வருகிறது. பிள்ளையை நண்பர் வீட்டுக்கு அனுப்புமுன், 'உங்கள் வீட்டில் துப்பாக்கி உண்டா? பூட்டி வைத்திருக்கிறீர்களா?' என்று கேளுங்கள். ஹலால் உணவா என்று கேட்கக் கூச்சப்படாத நாம், இதைக் கேட்கவும் கூச்சப்பட வேண்டாம்.

ஒவ்வொருவரும் பொறுப்பாளர், ஒவ்வொருவரும் தம் பொறுப்பில் உள்ளோரைப் பற்றி விசாரிக்கப்படுவர் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியிருக்கிறார்கள் (புகாரி, முஸ்லிம்). பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அசம்பாவிதம் நேர்ந்த பின் 'விதி' என்று ஆறுதல் தேடுவது எளிது. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது (திர்மிதீ).

அடுத்த முறை பழவேற்காட்டுக்குப் போகும்போது, இடிந்து கிடக்கும் கோட்டை மேட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டுவோம். இங்கே வெடிமருந்து செய்தார்கள் என்று சொல்வோம். அம்பின் முனையைப் பிடிக்கச் சொன்ன அண்ணலாரின் கட்டளையையும் அங்கேயே சொல்வோம். வீடு திரும்பியதும், பூட்ட வேண்டியது ஏதேனும் பூட்டப்படாமல் இருக்கிறதா என்று நாமே ஒருமுறை பார்த்துவிடுவோம்.

நம் பிள்ளைகள் அனைவரையும் வல்ல அல்லாஹ் தன் பாதுகாப்பில் வைத்திருப்பானாக! ஆமீன்.